சேவலுக்கு ஒரு சட்டம், பெட்டைக்கு ஒரு சட்டம்

அக்டோபர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் மக்காச்சோளக் காட்டின் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் துப்பாக்கியோடு வரிசையாக நிற்கிறார்கள். மணி பத்து ஆகும்வரை ஒரு வெடி கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பத்து அடித்ததும் வரிசை மெல்ல நகர்கிறது. காட்டின் மறுமுனையில் இன்னும் சிலர் வழிமறித்து நிற்கிறார்கள். அவர்கள் தேடும் பறவை ஆபத்து வந்தால் முதலில் பறக்காது, ஓடும். சோளத்தட்டைகளுக்கு நடுவே ஓடி, போக்கிடம் இல்லாமல் போனபின்தான் படபடவென்று எழும்பும். எழும்பிய நொடியில் வரிசையில் யாராவது ஒருவர் உரக்கக் கத்துவார். ‘ரூஸ்டர்’ என்று கத்தினால் சுடலாம். ‘ஹென்’ என்று கத்தினால் எல்லாத் துப்பாக்கிகளும் தாழ வேண்டும். சேவலைச் சுடுவது விளையாட்டு, பெட்டையைச் சுடுவது குற்றம்.

ஃபெசன்ட் என்ற அந்தப் பறவை நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை எல்லாம் சேர்ந்த அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. வேட்டைக்காரர்கள் தேடிப்போகும் வளையக்கழுத்து ஃபெசன்டின் சேவலுக்குச் செம்புநிற உடல், பச்சை மினுங்கும் தலை, கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தோல், கழுத்தில் வெள்ளை வளையம், நீண்ட வால். பெட்டை காய்ந்த புல்லின் நிறத்தில் இருக்கும். பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் கண்ணில் படாது. கருங்கடல் கரையிலிருந்து சீனம்வரை நீளும் நிலப்பரப்புதான் இந்த இனத்தின் தாய்நாடு. மனிதர்கள் சுடுவதற்கென்றே உலகெங்கும் தூக்கிக்கொண்டு போன பறவை இது.

ஷாங்காயில் அமெரிக்கத் துணைத்தூதராக இருந்த ஓவன் டென்னி 1880-களின் தொடக்கத்தில் இந்தப் பறவைகளைக் கப்பலில் ஏற்றி ஓரிகன் மாநிலத்துக்கு அனுப்பினார். வில்லாமெட் பள்ளத்தாக்கில் அவை பெருகின. 1892-ல் அங்கே முதல் வேட்டைக்காலம் திறந்தது. தெற்கு டகோட்டாவின் ரெட்ஃபீல்ட் வட்டாரத்து விவசாயிகள் 1908, 1909 வாக்கில் சில இணைகளை வாங்கி வயல்களில் விட்டார்கள். 1919 அக்டோபர் 30 அன்று ஸ்பிங்க் என்ற ஒரே ஒரு மாவட்டத்தில் ஒரே ஒரு நாள் வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. 1943-ல் அந்த மாநிலம் இந்தச் சீனப் பறவையைத் தன் மாநிலப் பறவையாகவே அறிவித்துவிட்டது. அயோவாவின் கதை இன்னும் விசித்திரம். 1901-ல் சீடர் ஃபால்ஸ் ஊரில் அடித்த சூறைக்காற்று ஒரு பண்ணையின் வேலிகளைப் பிய்த்தெறிய, ஏறத்தாழ 2,000 ஃபெசன்டுகள் தப்பி வயல்வெளியில் பரவின. அயோவாவின் ஃபெசன்ட் கூட்டத்துக்கு அது முக்கியமான தொடக்கம்.

பறவை ஒன்றுதான். ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது. தெற்கு டகோட்டாவில் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று சேவல் சுடலாம், ஜனவரி கடைசிவரை. 2020-க்கு முன்பு முதல் வாரத்தில் நண்பகல் 12 மணிக்குத்தான் துப்பாக்கியைத் தூக்க முடியும். அதைத்தான் பத்து மணிக்கு மாற்றினார்கள். பக்கத்து மினசோட்டாவில் அக்டோபர் நடுவில் காலை 9 மணிக்குத் தொடக்கம். நவம்பர் முடியும்வரை இரண்டு சேவல், டிசம்பர் பிறந்தால் மூன்று. அயோவாவில் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 10 வரை. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 4.30-க்குப் பின்னும் சுடக் கூடாது. கான்சஸ் நவம்பரில் திறக்கும், நாளைக்கு நான்கு சேவலுக்கு அனுமதி உண்டு. டெக்சஸின் வடமுனையில் டிசம்பரில் ஏறத்தாழ ஒரே ஒரு மாதம். பென்சில்வேனியாவுக்கு வந்தால் அடிப்படையே வேறு. அங்கே அரசே பண்ணையில் வளர்த்து ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளைத் திறந்துவிடுகிறது. அதனால் பெரும்பாலான இடங்களில் பெட்டையையும் சுடலாம்.

இந்த வேறுபாடுகள் அதிகாரிகளின் விருப்பத்துக்கு எழுதிவைத்தவை என்றுதான் முதல் பார்வையில் தோன்றும். அப்படி அல்ல. வாத்தும் கொக்கும் கண்டம்விட்டுக் கண்டம் போகும் வலசைப் பறவைகள். அவற்றுக்காக 1918-ல் அமெரிக்க நடுவணரசு தனிச்சட்டம் போட்டது. ஃபெசன்ட் வலசை போவதில்லை. பிறந்த இடத்திலிருந்து சில மைல் சுற்றளவிலேயே வாழ்ந்து சாகும். எனவே அது அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. காட்டுயிர் நிலச் சொந்தக்காரனுடைய உடைமையல்ல, குடிமக்கள் சார்பில் மாநிலம் காக்கும் பொதுச்சொத்து என்ற கருத்து அமெரிக்கச் சட்டத்தில் ஆழமாக வேரூன்றியது. 1896-ல் உச்ச நீதிமன்றம் கனெக்டிகட் வழக்கில் அதை உறுதிசெய்தது. மாநிலம்தான் முழு உரிமையாளர் என்ற அந்தத் தீர்ப்பின் கடுமை 1979-ல் தளர்ந்தது; ஆனாலும் பாதுகாக்கும் பொறுப்பும் விதி வகுக்கும் அதிகாரமும் மாநிலத்திடமே நிற்கின்றன.

பொதுச்சொத்து என்றால் எந்தப் பொதுமக்களுக்கு? இங்கேதான் வெளியூர்க்காரன் என்ற சிக்கல் வருகிறது. தெற்கு டகோட்டாவில் வேட்டைக்காலம் தொடங்குமுன் மூன்று நாட்கள் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும் பொதுநிலங்கள் திறக்கின்றன. வெளிமாநிலத்தாருக்கான லைசென்ஸ் ஐந்தைந்து நாட்களாக இரண்டு தவணை, ஆக மொத்தம் பத்தே நாட்கள்தான். வடக்கு டகோட்டாவில் முதல் ஏழு நாட்கள் வெளிமாநிலத்தார் அரசு வேட்டை நிலங்களிலும் அரசு குத்தகைக்கு எடுத்த தனியார் நிலங்களிலும் கால்வைக்க முடியாது. இது பாரபட்சம் என்று மொன்டானா மாநிலத்தின் எல்க் மான் வேட்டைக் கட்டணத்தை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமை ஆகாது, வெளியூர்க்காரரிடம் அதிகம் வாங்கலாம் என்று 1978-ல் தீர்ப்பாயிற்று. என் பார்வையில் அது சரியான தீர்ப்பு. பறவையை ஆண்டு முழுக்கத் தாங்குவது உள்ளூர்க்காரனின் வயலும் வரியும்தான்.

நிலத்தில் நுழைவதிலும் இரண்டு டகோட்டாக்களும் இரண்டு வழி. வடக்கில் அறிவிப்புப் பலகை இல்லாத நிலத்தில் வேட்டைக்காரர் நுழையலாம் என்பது நெடுநாள் வழக்கம். வேண்டாம் என்றால் நிலச் சொந்தக்காரர்தான் பலகை வைக்க வேண்டும். 2021 முதல் இணையத்தில் பதிந்தாலும் போதும். தெற்கில் பலகை இருக்கிறதோ இல்லையோ, அனுமதி கேட்காமல் நுழைந்தால் அத்துமீறல். ஆனால் அதே தெற்கில் சாலையோரப் புல்வெளி பொதுவழி. வீடு, பள்ளி, தேவாலயம், கால்நடை ஆகியவற்றிலிருந்து 660 அடி தள்ளி நின்று அங்கே சுடலாம். கையில் காசும் தெரிந்த விவசாயியும் இல்லாத எளிய வேட்டைக்காரனுக்கு அந்தச் சாலையோரம்தான் வேட்டைக்காடு.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் பறவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே வேறு பதில். இங்கிலாந்தில் பறவை உயிரோடு திரியும்வரை யாருக்கும் சொந்தமல்ல. விழுந்தபின் நிலத்துக்கு உரியவனுக்குச் சொந்தம். 1671-ன் சட்டப்படி ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவர்தான், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வேட்டையாடத் தகுதியுடையவர். பசியால் கண்ணி வைத்த கூலிக்காரன் குற்றவாளி. 1828-ன் இரவு வேட்டைச் சட்டம் மூன்றாம் முறை பிடிபட்டவனை ஏழாண்டு நாடு கடத்தவும் இடம் கொடுத்தது. ஒரு கோழியளவுப் பறவைக்காகக் குடும்பத்தைப் பிரித்துக் கடல்கடந்து அனுப்பிய சட்டத்தை எந்த நியாயத்தாலும் காப்பாற்ற முடியாது. 1831-ன் வேட்டைச் சட்டம்தான் சொத்துத் தகுதியை நீக்கி, லைசென்ஸ் எடுத்தவர் எவரும் நில உரிமையாளரின் சம்மதத்தோடு வேட்டையாடலாம் என்று மாற்றியது. ஃபெசன்டுக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை என்று அது வகுத்த காலக்கெடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடக் கூடாது என்ற அதன் விதியும் இங்கிலாந்திலும் வேல்சிலும் மாறவில்லை.

அங்கே நாளைக்கு இத்தனை என்ற வரம்பு கிடையாது. சேவல், பெட்டை என்ற பாகுபாடும் இல்லை. காரணம் எளிது: பிரிட்டனில் சுடப்படுபவற்றில் மிகப்பெரும்பாலானவை அந்த ஆண்டு கோடையில் கொட்டகையில் வளர்த்துக் காட்டில் திறந்துவிட்டவை. ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேல் விடுகிறார்கள் என்று மதிப்பீடு. நாட்டின் எல்லாக் காட்டுப் பறவைகளோடும் எடைபோட்டுப் பார்க்கும் அளவுக்குப் பெரிய கூட்டம் அது. அத்தனை பறவைகளும் தரையைக் கிளறி, பல்லி பூச்சி தின்று, எச்சமிட்டுக் காட்டின் மண்ணையே மாற்றுகின்றன என்ற வாதம் நீதிமன்றம் ஏறியது. 2021 முதல் இங்கிலாந்தில் ஐரோப்பியத் தரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் அவற்றைச் சுற்றி 500 மீட்டர் எல்லைக்குள்ளும் பறவை விடுவதற்கு உரிம நிபந்தனைகள் வந்தன. வேல்ஸ் இன்னொரு வழி போனது. அங்குள்ள அரசு நிலங்களில் ஃபெசன்ட் வேட்டைக் குத்தகையைப் புதுப்பிப்பதில்லை என்று 2018-ல் முடிவெடுத்தார்கள்.

அயர்லாந்துத் தீவில் இந்த இரு மரபுகளும் ஒரு வயல் வரப்பின் இருபுறமும் நிற்கின்றன. பிரிட்டனோடு சேர்ந்த வடக்கில் அக்டோபர் முதல் தேதியிலேயே சேவலும் பெட்டையும் சுடலாம். எல்லைக்குத் தெற்கே அயர்லாந்துக் குடியரசில் நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டும், அதுவும் சேவல் மட்டும். நெதர்லாந்து பறவையை வளர்த்து விடுவதையே தடைசெய்துவிட்டது. பெட்டைக்கு டிசம்பர் முடிவோடு காலக்கெடு, சேவலுக்கு ஜனவரி முடிவுவரை. ஜெர்மனியில் நடுவணரசுச் சட்டம் அக்டோபர் 1 முதல் ஜனவரி 15 வரை என்கிறது. வேட்டை உரிமை நிலத்தோடு ஒட்டியது, ஆனால் ஒரே சேர்க்கையாக 75 ஹெக்டேர் இல்லாதவர் தனியாக வேட்டையாட முடியாது, ஊர் நிலங்களின் கூட்டமைப்பில்தான் சேர வேண்டும். நியூசிலாந்தில் பருவங்கள் தலைகீழ் என்பதால் மே முதல் சனிக்கிழமை திறப்பு. சுட்ட பறவையை விற்பது அங்கே குற்றம்.

ஜப்பானைத் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சை ஃபெசன்ட் அந்நாட்டின் தேசியப் பறவை. 1947-ல் பறவையியலாளர் சங்கம் தேர்ந்தெடுத்தது. அதே பறவையை நவம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை, நாளைக்கு இரண்டு வரை, சட்டப்படி சுடலாம், சேவல் மட்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த மயில் நம் தேசியப் பறவை. அதைக் கொன்றால் ஏழு ஆண்டுவரை சிறை. இரண்டு நாடுகளும் தங்கள் பறவையை மதிக்கத்தான் செய்கின்றன. ஒன்று அதை அறுவடைக்குரிய இயற்கை வளமாக மதிக்கிறது, மற்றொன்று தொடக் கூடாத உயிராக மதிக்கிறது.

இத்தனை விதிகளில் அமெரிக்காவின் நடுமேற்கும் அயர்லாந்துக் குடியரசும் ஜப்பானும் ஒன்றுபோலச் சொல்வது ஒன்றுதான்: பெட்டையைத் தொடாதே. வளையக்கழுத்து ஃபெசன்டின் சேவல் ஒரு பெட்டையோடு நிற்பதில்லை. வசந்தத்தில் ஒரு வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டு கூவும். பல பெட்டைகள் அதனோடு சேரும். முட்டை, அடை, குஞ்சு எதிலும் அதற்குப் பங்கில்லை. எனவே குளிர்காலத்துக்குள் சேவல்களில் பெரும்பகுதி போய்விட்டாலும், எஞ்சிய சில சேவல்கள் எல்லாப் பெட்டைகளுக்கும் போதும். அடுத்த ஆண்டுக் குஞ்சுகளின் எண்ணிக்கை அதனால் குறைவதில்லை. இதனால்தான் அயோவா அதிகாரிகள் பறவை குறைந்த ஆண்டுகளிலும் வேட்டைக்காலத்தை மூடுவதில்லை. மூடினாலும் பயனில்லை என்பதே அவர்கள் நிலைப்பாடு.

சேவலை மட்டும் சுட்டதற்குச் சாட்சி வேண்டும். அதற்காகவே கான்சஸ் போன்ற மாநிலங்களில் வீடு போய்ச் சேரும்வரை பறவையின் ஒரு காலையோ தலையையோ இறகுகளையோ உடலோடு விட்டுவைக்கச் சொல்கிறார்கள். தோல் உரித்து ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் பறவையில் அந்த ஒற்றைக் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். வனத்துறைக் காவலர் பெட்டியைத் திறந்ததும் முதலில் விரல் வைப்பது அந்தக் காலின் பின்புறத்தில்தான். அங்கே முள் துருத்திக்கொண்டிருந்தால் சேவல். தடவினால் மழமழவென்றிருந்தால் வேட்டைக்காரர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆக வேட்டை நேரம், நாள் கணக்கு, மூன்றா நான்கா என்ற எண்ணிக்கை, வெளியூர்க்காரனுக்குத் தனித் தேதி இவையெல்லாம் பெரும்பாலும் மனிதர்களுக்கிடையே பங்கு பிரிக்கும் விதிகள். பறவைக்கு அவற்றால் பெரிய லாபமோ நட்டமோ இல்லை. மினசோட்டாவில் டிசம்பரில் ஒரு சேவல் கூடுதலாகக் கொடுப்பது, கூட்டம் கலைந்தபின்னும் பனியில் அலைந்து தேடுபவனுக்குக் கிடைக்கும் சலுகை. பறவையைக் காப்பது பெட்டையைக் காக்கும் விதி. அப்படியானால் பெட்டையைக் கொல்வது யார்?

ஜூன் மாதம் தெற்கு டகோட்டாவின் குதிரைமசால் வயலுக்குள் போனால் விடை கிடைக்கும். பெட்டை தரையில் சிறு குழி பறித்துப் புல் பரப்பிச் சுமார் ஒரு டஜன் முட்டை இட்டு 23 நாள் அடைகாக்கும். குதிரைமசால் சீக்கிரம் வளர்ந்து அடர்த்தியாக மறைப்பதால் கூட்டுக்கு அதையே அதிகம் தேர்ந்தெடுக்கிறது. முதல் அறுப்பும் அடைகாப்பு முடியாத அந்த வாரங்களிலேயே வருகிறது. அடையில் இருக்கும் பெட்டை நரி வந்தாலும் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அதன் உயிரைக் காப்பதே அந்த அசையாமைதான். அறுப்பு இயந்திரம் வந்தாலும் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. நரியிடம் காத்த குணம் இயந்திரத்திடம் அதைக் கொல்கிறது. பெட்டை தப்பினாலும் கூடு போயிற்று. மறுபடி முட்டையிடும், ஆனால் குறைவாக.

அதனால் ஃபெசன்ட் வேட்டையின் மிக முக்கியமான விதிகள் வேட்டைச் சட்டத்தில் இல்லை, நெடுஞ்சாலைத் துறைச் சட்டத்தில் இருக்கின்றன என்பேன். அயோவாவில் ஜூலை 15-க்கு முன் சாலையோரப் புல்லை அறுக்கக் கூடாது. தெற்கு டகோட்டாவில் மிசூரி ஆற்றுக்குக் கிழக்கே ஜூலை 10. மினசோட்டாவில் சாலையை ஒட்டிய முதல் எட்டு அடி போக மீதிக்கு ஜூலை 31. அக்டோபர் தேதிகளைப் பற்றி ஆண்டுதோறும் ஊரே விவாதிக்கிறது. இந்த ஜூலைத் தேதிகளை விவசாயிகளும் சாலைப் பணியாளர்களும் தவிர வேறு யாரும் பேசுவதில்லை.

சாலையோரம் சிறு பட்டை மட்டுமே. பெரிய புல்வெளியைக் கொடுத்தது 1985-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம். மண்ணரிப்புள்ள நிலத்தை உழாமல் பத்து, பதினைந்து ஆண்டு புல்லாகவே விட்டுவைக்கும் விவசாயிக்கு நடுவணரசு ஆண்டு வாடகை கொடுத்தது. மண்ணைக் காக்கவும் அன்றைய தானிய மலிவைச் சமாளிக்கவும் கொண்டுவந்த திட்டம்தான். ஆனால் ஃபெசன்டுக்கு அது நன்றாக வாய்த்தது. கூடுகட்டும் காலத்தில் அந்த நிலங்களில் அறுப்புக்குத் தடை. அந்தக் காலமும் ஊருக்கு ஊர் மாறும். கான்சஸில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை, குளிர் நீளும் தெற்கு டகோட்டாவில் மே 1 முதல் ஆகஸ்ட் 1 வரை. 2007-ல் நாடு முழுதும் 3.68 கோடி ஏக்கர் இப்படிப் புல்லாகக் கிடந்தது. அதே ஆண்டு தெற்கு டகோட்டாவில் வேட்டைக்கு முன் ஏறத்தாழ 1.19 கோடி ஃபெசன்டுகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள்.

அதன்பின் எத்தனால் எரிபொருளுக்காக மக்காச்சோளத்துக்கு விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் உழவுக்குத் திரும்பின. 2014-ன் வேளாண் சட்டம் திட்டத்தின் உச்சவரம்பையே 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. இதற்கிடையில் 2013-ல் தெற்கு டகோட்டாவின் கணக்கெடுப்பில் ஃபெசன்ட் எண்ணிக்கைக் குறியீடு ஒரே ஆண்டில் 64 சதவீதம் விழுந்தது. வறட்சியும் குளிரும் மழையுமான வசந்தமும் உடனடிக் காரணங்கள். புல் குறைந்த நிலத்தில் அந்த அடியிலிருந்து மீளப் பறவைக்கு இடம் இல்லாமல் போனது ஆழமான காரணம். அயோவாவில் 2007 தொடங்கி ஐந்து கடும் குளிர்காலங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒருகாலத்தில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் சுட்ட மாநிலத்தில் 2011-ல் சுட்டது சுமார் 1.09 லட்சம்தான். இரண்டு மாநிலங்களிலும் அந்த ஆண்டுகளில் சுடும் வரம்பு அதே மூன்று சேவல்தான். வரம்பு மாறவில்லை, நிலமும் வானமும்தான் மாறின.

2013 டிசம்பரில் ஹூரன் நகரில் ஆளுநர் டென்னிஸ் டகார்ட் ஃபெசன்ட் வாழிட மாநாடு கூட்டினார். அது சரியான இடத்தில் கைவைத்த முயற்சி. 2019-ல் அடுத்த ஆளுநர் கிறிஸ்டி நோயம் காலத்தில் முட்டை தின்னும் விலங்குகளின் வாலுக்கு 10 டாலர் என்று பரிசு அறிவித்தார்கள். ராக்கூன், ஸ்கங்க், ஓபோசம், வளைக்கரடி, செந்நரி என 54,000-க்கும் மேல் வால்கள் வந்து குவிந்தன. அடர்ந்த புல்வெளியில் நரியால் எல்லாக் கூட்டையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒடுங்கிய வரப்போரப் புல்லில் எளிதாக முடியும். வாலுக்குக் கொடுத்த பணம் புல்லுக்குப் போயிருக்க வேண்டும் என்பதே என் முடிவு. அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. 1949 முதல் ஆண்டுதோறும் கோடையில் சாலைகளில் காரோட்டிப் போய்க் குஞ்சுகளோடு தென்படும் பெட்டைகளை எண்ணிவந்த கணக்கெடுப்பை 2020-ல் மாநிலம் நிறுத்தியது. எண்ணிக்கை குறைவு என்று செய்தி வந்தால் வெளிமாநில வேட்டைக்காரர்கள் வரமாட்டார்கள் என்ற கவலை அதில் பெரும்பங்கு வகித்தது. வேட்டைக்காரன் வாங்கும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் வரி வாங்கி 1937 முதல் காட்டுயிர்ப் பணிக்கு ஒதுக்கும் நாடு அது. அந்தப் பணம் கொடுக்கிறவனுக்குப் பறவையின் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லாமல் மறைப்பது நேர்மையல்ல.

நம் நாட்டில் ஃபெசன்டுகள் விருந்தாளிகள் அல்ல, இமயத்தின் சொந்தப் பிள்ளைகள். வடகிழக்கில் பிளித் ட்ராகோபான், மேற்கில் மேற்கத்திய ட்ராகோபான், இமயம் நெடுக மோனால், புல்சரிவுகளில் சியர். ஒருகாலத்தில் இங்கும் லைசென்ஸும் காலக்கெடுவும் இருந்தன. தமிழ்நாட்டிலேயே நீலகிரிக்கென்று 1879-ல் சென்னை அரசு வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டு வேட்டைக்குப் பருவம் வகுத்தது. அதை ஆங்கிலேய வேட்டைக்காரர்களே கேட்டு வாங்கினார்கள். 1972-ன் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் சிறுவேட்டைக்கு லைசென்ஸ் வைத்திருந்தது. 1991-ல் திருத்தம் வந்து அந்தக் கதவை மூடியது. மேற்கத்திய ட்ராகோபான் போன்ற அரிய பறவைக்கு இந்தத் தடை தேவைதான். ஆண் மோனாலின் கொண்டையைத் தொப்பியில் செருகிக்கொள்ளும் இமாச்சல வழக்கத்துக்காக எத்தனை பறவைகள் செத்தன என்பதை நினைத்தால் அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

அமெரிக்கச் ‘சேவல் மட்டும்’ விதியை இமயத்துக்குக் கொண்டுவந்தாலும் செல்லாது. சியர் ஃபெசன்டில் சேவலும் பெட்டையும் ஏறத்தாழ ஒரே சாயல். பறக்கும்போது பிரித்துச் சொல்வது எளிதல்ல. அதோடு அது இணை பிரியாத பறவை. சேவலும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். ஒரு சேவலைச் சுட்டால் ஒரு குடும்பமே அழியும்.

ஆனால் தடைச்சட்டம் துப்பாக்கியைத்தான் நிறுத்தும். சியர் வாழும் சரிவுகளில் மக்கள் புல் அறுக்கிறார்கள், தீ வைக்கிறார்கள், ஆடுமாடு மேய்க்கிறார்கள். இதெல்லாம் அடியோடு நின்றால் சரிவு புதராகி மரமாகிச் சியருக்கு இடமில்லாமல் போகும். அது திறந்த புல்லையே நம்பி வாழும் பறவை. தீ ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் வந்தால் தரைக்கூடுகள் வெந்துபோகும். அதே வசந்தத்தில்தான் ‘குச்சி’ எனப்படும் காட்டுக்காளானும் மூலிகையும் தேடி மலைக்கிராமத்தார் காடேறுகிறார்கள். தரையில் அடைகாக்கும் மோனாலுக்கும் அது கூட்டின் காலம். டகோட்டாவின் ஜூலைத் தேதிக்கு இணையான ஒரு தேதி இமயச் சரிவுகளுக்கும் வேண்டும்.

அதை டில்லியில் எழுதி அனுப்பினால் நடக்காது. நாகாலாந்தின் கோனோமா கிராமம் வழிகாட்டுகிறது. வேட்டை வாழ்க்கையின் பகுதியாக இருந்த அங்கமி நாகர் ஊர் அது. பிளித் ட்ராகோபான் வேகமாகக் குறைவதைக் கண்ட ஊர்ச்சபை வேட்டையை நிறுத்தி 1998-ல் தன் காட்டையே ட்ராகோபான் காப்பகமாக அறிவித்தது. மீறினால் ஊரே தண்டம் விதிக்கும். இமாச்சலம், உத்தராகண்ட் வனத்துறைகள் சியர் வாழும் ஒவ்வொரு சரிவிலும் அந்தந்த ஊர்ச்சபையோடு உட்கார்ந்து பேச வேண்டும். தீயும் காளான் சேகரிப்பும் எந்த வாரம் தொடங்கலாம், எந்த வாரம் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்து, கூலி இழப்போருக்கு ஈடு கொடுத்து, அடுத்த ஏப்ரலுக்குள் அந்தத் தேதிகளை ஊர்ப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.